விசில் வைத்த கன்னம்

எங்கள் முதியோர் இல்லத்துக்கு வந்து சேர்ந்த அன்றே கண்டக்டர் என் உயிரை வாங்கினார். மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்து, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் சும்மாதானே கெடக்கு" என்றார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரண்டு பேர் வேலைக்கு மட்டம் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே கீழ்த்தளத்து நர்ஸ். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவது என் வேலை. யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு எவ்வளவு வலி, யார் விழுங்கினார்கள், யார் துப்பினார்கள் என்று பார்ப்பதற்குள் என் இடுப்பு கழன்றுவிடும். வலி மாத்திரை கொடுக்கிறவளின் முழங்கால் வலியைக் கேட்க அங்கே ஒருவரும் கிடையாது. போகட்டும், என் புலம்பலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அவர் வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒல்லியான உடம்பு, நீளமான கை. விசிலை வாயில் வைத்துக்கொண்டே டிக்கெட் கொடுப்பாராம், சண்டை பிடிப்பாராம், ஊர்க்கதை பேசுவாராம். வாயிலிருந்து விசிலை எடுத்தால் திரும்பத் தேட வேண்டியிருக்குமே என்று இடது கன்னத்துக்குள் அதை ஒதுக்கிக்கொள்ளப் பழகிவிட்டார். பெருமையாகச் சொல்வார். "சிஸ்டர், வாய்க்குள்ள விசில் இருக்கறதே யாருக்கும் தெரியாது. திடீர்னு ஊதினா பக்கத்துல நிக்கிறவன் ஆடிப்போயிடுவான்."

"ஆமா, பெரிய வித்தை" என்பார் அவர் மனைவி.

அந்த அம்மாவும் லேசுப்பட்டவர் அல்ல. ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்தே வயதானவர். வேலைக்குப் போன பஸ்ஸில்தான் இவரைப் பார்த்தது, பிடித்தது, கட்டிக்கொண்டது எல்லாம். அந்தக் கதையை இருவரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். இவளுக்காகப் பஸ்ஸையே நிறுத்தி வைப்பேன் என்பார் அவர். அம்மா உடனே மறுப்பார்.

"பொய் சொல்றார் சிஸ்டர். ஊர்ல இருக்கிற கெழவனுக்கும் கர்ப்பிணிக்கும் எடம் பிடிச்சுக் குடுப்பார். எனக்கு ஒரு நாள் சீட்டு குடுத்தாரா கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியும் குடுக்கல, பின்னாடியும் குடுக்கல. கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டேதான் போனேன்."

"என் பொண்டாட்டிக்கே நான் எடம் குடுத்தா மத்தவங்க என்ன பேசுவாங்க?"

"பேசட்டுமே! கால் நோவு எனக்குத்தானே?"

எங்கள் இல்லத்தில் கணவன் மனைவி சேர்ந்து தங்க ஒரே ஓர் அறைதான் உண்டு. கீழே, நடையின் கடைசியில். இரண்டு கட்டில், நடுவில் ஒரு நாற்காலி நுழையும் அளவுக்கு இடைவெளி, கம்பி போட்ட பெரிய ஜன்னல். தூக்கி உட்கார வைத்தால் உட்கார்ந்து, தானாகச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கீழ்த்தளம். அது முடியாமல் போனால் பெண்களுக்கு மாடியில் படுக்கை வார்டு, ஆண்களுக்குப் பின்கட்டு. அப்படி ஒருவர் மாடிக்குப் போனால் இன்னொருவர் பொதுக்கூடத்துக்குப் போக வேண்டும்; அறைக்கு அடுத்த ஜோடி காத்திருக்கும். இதுதான் விதி. நான் போட்ட விதி அல்ல.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்திருந்தது. இதயம் தாங்காது என்று அறுவை சிகிச்சை செய்யாமல் விட்டுவிட்டார்கள். அவருக்கோ முதுகெலும்பில் கட்டி. எப்போதோ வந்து போன புற்றுநோய் அங்கே வந்து குடியேறியிருந்தது. அதற்காகக் காலையும் மாலையும் இளஞ்சிவப்புத் தோல் போட்ட மாத்திரை ஒன்று. மெதுவாகக் கரைந்து, அரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வலியை அடக்கும் வகை அது. முழுசாக விழுங்க வேண்டும். உடைக்கக்கூடாது, நசுக்கக்கூடாது. கீழ்த்தளத்தில் அவர் ஒருவருக்குத்தான் அந்த மாத்திரை.

மாத்திரை கொடுக்கும் முன் ஒவ்வொருவரையும் கேட்பேன். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து; இப்போது எத்தனை? அம்மா பட்டென்று சொல்லுவார்: "ஏழு. நேத்து ஆறு. அந்த ஆயாப் பொண்ணு என்னைப் புரட்டிப் போடும்போது ஒம்போது, அவகிட்ட சொல்லி வைங்க." இவரைக் கேட்டால் என்றைக்கும் ஒரே பதில்தான்.

"ஒண்ணு."

"நெசமாவா கண்டக்டரய்யா?"

"ஒண்ணுக்குக் கீழ டிக்கெட் இல்ல சிஸ்டர், அதனால ஒண்ணு."

அவர் ஒண்ணு என்றால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லத்துக்கு வரும் டாக்டரம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். கண்டக்டர் பகல் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருப்பதை எல்லோரும் பார்த்தோம். "உட்காருங்களேன், பாக்குற எனக்கே கால் வலிக்குது" என்று நான் கத்துவேன். "நின்னே பழக்கம் சிஸ்டர். கண்டக்டர் உக்காந்தா வண்டி ஓடாது" என்பார். பழக்கம் என்றுதான் நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் அம்மா தூங்க ஆரம்பித்தார். முதலில் மாலையில் மட்டும். பேசிக்கொண்டே இருப்பவர், பாதிப் பேச்சில் தலை சாய்ந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு எழுப்பினால் கண்ணைத் திறக்க மாட்டார். வலி மாத்திரைதான் அசத்துகிறது என்று டாக்டரம்மா அதைப் பாதியாகக் குறைத்தார். தூக்கம் குறையவில்லை. முழுக்கவே நிறுத்திவிட்டு, காய்ச்சலுக்குப் போடும் சாதாரண மாத்திரையை மட்டும் கொடுக்கச் சொன்னார். இப்போது பகலெல்லாம் அம்மா வலியில் முனகினார். மாலையானால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். இது என்ன கொடுமை என்று எனக்குப் புரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்பு மட்டும் நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தது.

ஒரு நாள் மாலை கூப்பிடுகிறேன், உலுக்குகிறேன், அசைவே இல்லை. மூச்சு எப்போதோ ஒன்று, எப்போதோ ஒன்று என்று வந்தது. ஆக்சிஜன் வைத்து, டாக்டரம்மாவை ஓடி வரச் செய்து, அம்மாவின் முகம் தெளிவதற்குள் எங்கள் எல்லோருக்கும் உயிர் போய்த் திரும்பி வந்தது. கண்டக்டர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூளை தளர ஆரம்பிச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? பார்த்ததை வைத்துத்தானே சொல்ல முடியும். "இனிமே கீழ வெச்சுப் பாக்க முடியாது. மாடிக்கு மாத்திடுங்க."

அவர்கள் மகள் வந்து கையெழுத்துப் போட்டாள். அவளும் பாவம், ஓய்ந்துபோன முகம். வீட்டில் ஒரு கைக்குழந்தை, படுக்கையில் மாமியார். "வயசாச்சுல்ல சிஸ்டர்" என்று எனக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டாள். கண்டக்டர் என் பின்னாலேயே நடை முழுக்க வந்தார்.

"சிஸ்டர், நானும் மாடிக்கு வரேனே. ஒரு ஓரமா நின்னுக்கிறேன்."

"அது பொம்பளைங்க வார்டுங்கய்யா."

"நிக்கத்தானே கேக்குறேன். படுக்க எடமா கேக்குறேன்?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல. அந்த விதி மேல், என் முழங்கால் மேல், எல்லாவற்றின் மேலும். "போய்ப் படுங்கய்யா, சும்மா சும்மா பின்னாடி வராதீங்க" என்று சிடுசிடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாற்றுவதற்கு முந்தைய நாள் பிற்பகல் மகள் சாமான்களைக் கட்ட வந்தாள். அம்மா உடைகளை ஒரு பையிலும் அப்பா உடைகளை இன்னொரு பையிலும் பிரித்து வைத்தாள். அவர் வழக்கம்போல ஜன்னல் ஓரம். அம்மா விழித்திருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். மகள் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று அலமாரியில் கவிழ்த்திருந்த கண்டக்டருடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன்.

"அது வேணாம் சிஸ்டர், வேற எடுங்க" என்றார் அவர் அவசரமாக. அந்த டம்ளரை ஒருவரையும் கழுவ விடமாட்டார்; தானே கழுவுவார். கண்டக்டர் சுத்தம் பார்க்கிறவர் என்று நினைத்திருந்தேன். டம்ளரைத் திருப்பினேன். அடிப்பக்கத்து விளிம்பின் உள்மடிப்பில் வெள்ளையாகப் பொடி அப்பியிருந்தது. அதற்கு நடுவே கடுகை விடச் சின்னதாக இளஞ்சிவப்புத் துணுக்குகள்.

இளஞ்சிவப்புத் தோல் மாத்திரை கீழ்த்தளத்தில் அவருக்கு மட்டும்தான்; அதை டம்ளர் அடியால் நசுக்கியிருக்கிறார்.

டம்ளரை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தினமும் சாயங்காலம் அவர் அம்மாவுக்கு வாழைப்பழம் மசித்து ஊட்டுவார். தன் பங்குப் பழத்தையும் சேர்த்தே ஊட்டுவார். எங்களுக்குள் நாங்களே மெச்சிக்கொண்டோம், இந்த வயதில் எவன் இப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்று. ஆனால் மாத்திரையை என் கண் முன்னால்தானே வாயில் போடுகிறார்? தண்ணீர் குடிக்கிறார், தொண்டை அசைகிறது, பேசுகிறார், சிரிக்கிறார். வாய்க்குள் ஒன்று இருந்தால் மனுஷனால் அப்படிப் பேச முடியுமா?

பேச முடியும். வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்திருக்கிறார்.

மாலை மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக அந்த அறைக்குப் போனேன். மகள் இன்னும் அங்கேதான் இருந்தாள். மாத்திரையைக் கொடுத்தேன். வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். "என்ன சிஸ்டர், இன்னிக்கு மொகம் செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கு" என்றார், வார்த்தை துளிகூடக் குழறாமல்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு? பல்லு எண்ணவா? நாலுதான் இருக்கு."

"திறங்கய்யா."

திறந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னேன், ஒன்றும் இல்லை. கையுறை போட்ட விரலால் இடது கன்னத்தை விலக்கினேன். மாத்திரை அங்கே ஒடுங்கிக் கிடந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னப்பா இது?"

அவர் தலை குனியவில்லை. என்னையே பார்த்துச் சொன்னார்: "எத்தனையோ பொழுதா முனகுறா சிஸ்டர், மொதல்ல அதுக்குத்தான் குடுத்தேன். நீங்க அவ மாத்திரையைக் கொறைச்சீங்க, அப்புறம் நிறுத்தியே போட்டீங்க. நான் என்ன பண்ணட்டும், காதைப் பொத்திக்கிட்டு நிக்கட்டுமா? முழுசா அவளால முழுங்க முடியல. அதான் பொடி பண்ணினேன். கொஞ்ச நேரத்துல நிம்மதியாத் தூங்கிட்டா."

"தூங்கலய்யா!" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "அது அரை நாள் பூரா மெதுவாக் கரைய வேண்டிய மாத்திரை. நசுக்கினா மொத்த மருந்தும் ஒரே அடியா உள்ள எறங்கும். உங்க உடம்புக்கு அளந்த மருந்து அது, அவங்களுக்கு இல்ல. அன்னிக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சே, பாத்தீங்கல்ல? அது மூளை தளர்ந்ததால இல்ல. இதனால."

அவர் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. "அன்னிக்கு... நானா?"

கேட்டுவிட்டார், பொய் சொல்லி மெழுக மனசு வரவில்லை. "ஆமா" என்றேன்.

கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. அம்மா தூங்குகிறாரே என்று நாங்கள் மருந்தைக் குறைத்தோம். குறைத்ததால் அவர் முனகினார். முனகினாரே என்று இவர் தன் மாத்திரையைக் கொடுத்தார். கொடுத்ததால் தூங்கினார். சுற்றிச் சுற்றி இதே கதை. எல்லோரும் அந்த அம்மாவுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அவரைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம்.

டாக்டரம்மாவுக்கு உடனே போன் செய்தேன். நான் சொன்னதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். பிறகு, "நாளைக்கு மாத்த வேணாம். நான் காலையில வரேன். ராத்திரி பூரா மூச்சை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். ராத்திரி பார்க்கிறவளிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் நான் போனபோது அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஓர் உயிர்ப்பு. வலியும் இருந்தது, புருவம் சுருங்கியிருந்தது. ஆனால் மனுஷி தெளிவாக இருந்தார். டாக்டரம்மா எதிரில் நாற்காலியில். மகளும் விடிந்ததும் வந்துவிட்டாள். கண்டக்டர் ஜன்னல் ஓரம், யார் முகத்தையும் பார்க்காமல்.

அம்மாவிடம் மறைக்க வேண்டாம், அவர் உடம்பு, அவருக்குத் தெரியட்டும் என்று டாக்டரம்மாதான் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முழுசாகக் கேட்டார். பிறகு கணவன் பக்கம் திரும்பினார்.

"சாயங்கால மாத்திரையை என்கிட்ட குடுத்துட்டு, ராத்திரி பூரா நீங்க என்ன பண்ணுனீங்க?"

"எனக்கென்ன, எனக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க வலி எத்தனை?"

"ஒண்ணுதான்."

"அது சிஸ்டருக்குச் சொல்ற கணக்கு. நான் கேக்குறேன். எத்தனை?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். தெருவில் ஒரு பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அது போகும் வரை காத்திருந்தார்.

"எட்டு" என்றார். "ராத்திரில ஒம்போது."

டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். நான் எத்தனையோ பேரிடம் எத்தனையோ எண்களைக் கேட்டிருக்கிறேன். அந்த எட்டு என் நெஞ்சில் குத்தியது.

அம்மா அழவில்லை. கோபம்தான் வந்தது. "கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்கு ஒரு சீட்டு புடிச்சுக் குடுக்கத் துப்பில்ல, இப்ப மாத்திரை குடுக்க வந்துட்டார்! யார் கேட்டா உங்கள? எட்டு வலியை வெச்சுக்கிட்டா எனக்குப் பழம் ஊட்டுனீங்க?" மூச்சு வாங்கியது. கொஞ்சம் அடங்கியதும் கட்டில் ஓரத்தைக் கையால் தட்டினார். "வாங்க. இங்க வந்து உட்காருங்க."

அவர் நகரவில்லை.

"உட்காருங்கன்றேன்ல?"

"உக்கார முடியாதும்மா" என்றார். "உக்காந்தா முதுகு பிளந்துடும். அதான் நிக்கிறேன்."

நின்னே பழக்கம் என்று அவர் சொன்னதும், நாங்கள் சிரித்ததும், நான் கத்தியதும் எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் வந்தது. முகத்தைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அவருடைய பழைய மாத்திரையையே சின்ன அளவில் திரும்ப ஆரம்பித்தார்கள். புரட்டிப் போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே கொடுத்தால் ஒன்பது ஐந்தானது. இவருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மருந்தாக மாற்றினார்கள், கன்னத்தில் ஒதுக்க முடியாதபடி. அளவையும் மெல்ல மெல்லக் கூட்டினார்கள். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் கிட்ட நின்று பேச்சுக் கொடுப்பேன், கண் சொருகுகிறதா, மூச்சு ஒழுங்காக வருகிறதா, வயிறு கட்டிக்கொண்டதா என்று பார்ப்பேன். என் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருந்தது. மகள் கொண்டு வந்த இரண்டு பைகளும் காலியாகி அலமாரி மேல் ஏறின.

ஒரு மாலை மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தேன். ஜன்னல் ஓரத்தில் ஆள் இல்லை. எனக்குத் திக்கென்றது. அப்புறம்தான் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கட்டில் ஓரத்தில் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, கண்டக்டர் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை?" என்றேன்.

"மூணு" என்றவர், நான் நிற்பதைப் பார்த்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். பொம்பளை ஒருத்தி நிற்கும்போது உட்கார்ந்திருந்து அவருக்குப் பழக்கம் இல்லையே.

தூங்குகிறார் என்று நான் நினைத்த அம்மா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர் நிப்பாங்க" என்றார். "நீங்க உட்காருங்க."

நான் நின்றபடியே மருந்தை அளந்து ஊற்றினேன். அவர் உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தார்.